துக்கம் கேட்ட பல்

2018 பிப்ரவரி 27, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை, காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. நெமானியின் வீட்டு முற்றத்தில் கட்டியிருந்த தார்ப்பாய்ப் பந்தலுக்குள் அன்றைய பத்தொன்பதாவது கூட்டம் குனிந்து நுழைந்து பாயில் அமர்ந்தது. நேரத்தை நான் குறித்துக்கொண்டேன். லெவூக்கா நீதிமன்றத்தில் முப்பத்தொரு ஆண்டுகளாக மொழிபெயர்ப்பாளனாக இருப்பவனுக்கு அது பழக்கம். துக்க வீட்டில் அது கூடாத பழக்கம் என்பாள் என் மனைவி.

நெமானியின் மகள் வாசிதி இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பதினொரு வயது. உடல் இன்னும் அக்கரையில், லெவூக்கா மருத்துவமனையில் இருந்தது. மறுநாள் காலையில் படகில் கொண்டுவர வேண்டும். எங்கள் மோத்துரிக்கித் தீவுக்கு வேறு வழியில்லை.

நெமானியின் தாய் என் தந்தையின் தங்கை. ஆகவே அவன் எனக்கு மச்சான். மச்சான்மார் ஒருவரையொருவர் எவ்வளவு இழிவாகப் பேசினாலும் எங்கள் தீவில் அது மரியாதையாகவே கொள்ளப்படும். துக்க வீட்டில்கூட இதற்கு விலக்கில்லை. அங்கேதான் அது அதிகம் தேவைப்படுகிறது.

வந்த கூட்டங்கள் யாவும் ஒன்றையே செய்தன. பாய்க்கட்டும் மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் தாரோக்கிழங்குக் கட்டும் வெளியே இறக்கப்பட்டன. உள்ளே, கூட்டத்தின் பேச்சாளர் முழந்தாளிட்டு, கயிறு கோத்த திமிங்கிலப் பல் ஒன்றை இரு கைகளிலும் ஏந்தி, துக்கம் கேட்கும் சொற்களைச் சொன்னார். நெமானியின் குலத்துப் பேச்சாளர் அபோரோசா, அவனுடைய அண்ணன். அவர் பல்லை இரு கைகளாலும் வாங்கி, முகர்ந்து, ஏற்கும் சொற்களைச் சொன்னார். பின்னால் இருந்தவர்கள் குழித்த கைகளைத் தட்டினார்கள். அடுத்த கூட்டம் வந்தது.

அந்தச் சொற்கள் மாறுவதில்லை. மாறாமல் இருப்பதே அவற்றின் பயன். மனம் சிதறிக் கிடப்பவனால் புதிய சொல்லொன்றைத் தூக்கிப் பிடிக்க முடியாது. பழைய சொல்லின்மேல் சாய்ந்துகொள்ள முடியும். எல்லாரும் ஒன்றையே சொல்வதால், யார் குறைவாகச் சொன்னார், யார் மிகையாகச் சொன்னார் என்று அவன் எடைபோட வேண்டியதும் இல்லை. எங்கள் பகுதியில் துக்கம் கேட்கும் பேச்சு, "இன்று நாம் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறோம்" என்று முடியும். அன்று அதைப் பதினெட்டு முறை கேட்டிருந்தேன்.

பத்தொன்பதாவது கூட்டம் அக்கரையிலிருந்து வந்தது. மூன்றாம் வரிசையில் ஒருவன் மற்றவர்களைவிடத் தாழக் குனிந்திருந்தான்.

நெமானி என் முழங்கையைத் தொட்டான். "மச்சான், அந்தத் தலை குனிஞ்சவன் யாரு?"

"உனக்கே தெரியும்."

"தெரியும். இருந்தாலும் நீ சொல்லு. அடுத்தவன் சொன்னதைத் திருப்பிச் சொல்றதுக்குத்தானே உன்னைக் கோர்ட்டுல கூண்டு கட்டி வளக்கிறான், கிளிப்பயலே."

"இசிகேலி."

"எதுக்கு வந்திருக்கான்? துக்கம் கேக்கவா, மன்னிப்புக் கேக்கவா?"

இரண்டுக்கும் பல் ஒன்றுதான், மற்றதெல்லாம் வேறு. மன்னிப்புக் கேட்க வருபவன் வாசலை ஒட்டி உட்கார வேண்டும். உள்ளே வரச் சொன்னாலும் வரக் கூடாது. தான் செய்தது இன்னதென்று தன் பேச்சாளர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். பல் ஏற்கப்படும்வரை தலை நிமிரக் கூடாது. ஏற்கப்பட்டுவிட்டால் அந்தச் செய்தி புதைக்கப்படும்; அதை மறுபடி யாரும் தோண்டக் கூடாது. இசிகேலியோ தன் ஊர்க்காரர் நடுவே வசதியாக இருந்தான். அவர்களுடைய பேச்சாளர் கிழவர் துக்கம் கேட்டார். ஒரே பாய் என்று முடித்தார். படகு என்ற சொல் வரவே இல்லை.

அபோரோசா பல்லை வாங்கினார். அதன் கயிறு அறுந்து, நீல நிற மீன்பிடி நைலானால் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

"ஏன் வாங்குனீங்க?" என்று நெமானி அன்று மாலை அண்ணனைக் கேட்டான்.

"துக்கத்துக்கு வந்த பல்லை எவன்டா மறுப்பான்? நான் கையை நீட்டுனேன், அது வந்து உக்காந்துச்சு. பத்தொம்பது தடவை நீட்டுன கை, இருபதாவது தடவை பொணத்தை நீட்டினாலும் வாங்கும்."

அது உண்மைதான்.

*

படகைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. எட்டுப் பேருக்கு உரிமம் பெற்ற கண்ணாடியிழைப் படகு; உரிமையாளனும் ஓட்டியவனும் இசிகேலி. அந்தச் சனிக்கிழமை லெவூக்காவில் பள்ளிகளுக்கிடையே பந்தாட்டப் போட்டி. மாலையில் திரும்பும்போது படகில் பதினான்கு பேர் இருந்தார்கள். மிதவைச் சட்டைகள் நான்கு. நான்கும் இருக்கைக்கு அடியில் ஒரு மரப்பெட்டியில். பெட்டி பூட்டியிருந்தது. சட்டைகளைப் பிள்ளைகள் விளையாட்டுக்கு எடுத்துப்போய் அழுக்காக்கிவிடுகிறார்கள் என்பதால் பூட்டியதாக இசிகேலி பிறகு சொன்னான். சாவி அவன் காற்சட்டைப் பையில் இருந்தது. பவளத்திட்டின் வாயில் அலை புரட்டியபோது பதின்மூன்று பேர் நீந்தினார்கள், அல்லது யாரையாவது பிடித்துக்கொண்டார்கள்.

வாசிதியை அக்கரையில்தான் கரையேற்றினார்கள். ஆண்கள் மற்றவர்களைத் தேடி ஓடிவிட, மணலில் அவளருகே இருந்தவள் இசிகேலியின் மனைவி மக்கரீதா. அவள் பிறந்தது எங்கள் ஊர். சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்தவள். ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து, தன் இடுப்பில் மேலாகச் சுற்றியிருந்த சுலு என்னும் துணியை அவிழ்த்துச் சிறுமியின்மேல் போர்த்தினாள். நெமானி போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவள் எழுந்திருக்கவில்லை. அவனைக் கண்டபோது எதுவும் சொல்லவும் இல்லை. "எல்லாரும் பேசினாங்க, பேசாம இருந்தது அவ ஒருத்திதான்" என்று நெமானி பின்னால் பலமுறை சொன்னான். நன்றியைச் சொல்ல அவனுக்குத் தெரிந்த வழி அது.

மார்ச் மாதம் அவன் கடற்போக்குவரத்துத் துறைக்குப் புகார் எழுதினான். எழுதிக் கொடுத்தது நான். இசிகேலியின் உரிமத்தை நிலையாக நீக்க வேண்டும், அவன்மேல் வழக்குத் தொடரப் பரிந்துரைக்க வேண்டும் என்று கேட்டிருந்தோம். கடைசி வரியை அவன் சொன்னபடியே எழுதினேன்: "பதினான்கு பேரை ஏற்றியவன் நான், பெட்டியைப் பூட்டியவன் நான் என்று அவன் ஒருமுறை சொல்ல வேண்டும்."

"இதை அதிகாரி தர முடியாது மச்சான். சட்டத்துல இடமில்ல."

"எழுது. இடமில்லைன்னா அவங்க கோடு போட்டு அடிச்சுக்கட்டும்."

*

தலைநகர் சுவாவிலிருந்து விசாரணை அலுவலர் ஒருவர் அனுப்பப்பட்டார்; விசாரணை முடியும்வரை இசிகேலியின் உரிமத்துக்குத் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது. ஜூலையில் லெவூக்காவில் முதல் அமர்வு நடந்தது. விசாரணை ஆங்கிலத்தில், மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள். புகார் கொடுத்தவன் என் அத்தை மகன் என்பதை எழுத்தில் தெரிவித்தேன். தீவுகளில் உறவில்லாத மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் கடல் கடந்துதான் வரவழைக்க வேண்டும் என்று அலுவலர் சொல்லி, இரு தரப்பும் மறுக்காததால் என்னையே வைத்துக்கொண்டார்.

இசிகேலிக்காக வந்தவர் உனைசி என்ற வழக்குரைஞர்; நாற்பது வயதுப் பெண்மணி; எங்கள் வழக்கங்களை அறிந்தவர். பிப்ரவரி 27 அன்று பல் கொடுக்கப்பட்டது, ஏற்கப்பட்டது; ஆகவே விஷயம் மரபுப்படி புதைந்துவிட்டது என்பது அவர் வாதம்.

அபோரோசா சாட்சி சொன்னார்.

"ஐயா, அவன் எங்க உக்காந்திருந்தான்னு கேளுங்க. வாசல்லயா? இல்ல. மூணாவது வரிசையில, கவா குடிக்க வந்தவன் மாதிரி சப்பணம் போட்டு. செஞ்சது என்னன்னு சொன்னானா? இல்ல. மன்னிப்புன்னா அதுக்கு ஒரு முறை இருக்கு. முதுகைச் சொறிஞ்சுக்கிட்டே ஞானஸ்நானம் வாங்க முடியுமா?"

கடைசி வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போது அலுவலர் சிரித்தார். உனைசியும் சிரித்தார். கொடுக்கப்பட்டது துக்கம் கேட்டதே அன்றி மன்னிப்பு அன்று என்று அலுவலர் பதிவுசெய்தார். விசாரணை தொடரும்.

வெளியே கடற்சுவரில் உட்கார்ந்து நெமானி ஒரு மீன் டப்பாவை முழுதும் தின்றான். மகள் இறந்த பிறகு அவன் பசித்துத் தின்றதை நான் பார்த்தது அதுவே முதல்முறை.

"அப்போ அவன் வாயைத் திறப்பான், இல்ல?"

"திறக்க வச்சிடலாம்."

"உன் வாயில நல்ல வார்த்தை வருது. யாராவது வாடகைக்குக் குடுத்தாங்களா?"

*

ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை, மக்கரீதா இறந்தாள். மற்றக் காலும் புழுத்திருந்தது.

அவள் எங்கள் ஊரில் பிறந்தவள். ஊர்ப்பெண் இறந்தால் ஊர் பல்லெடுத்துப் போக வேண்டும். அதில் பேச்சே இல்லை. செவ்வாய்க்கிழமை போவதென்று அபோரோசா முடிவுசெய்தார். நெமானி தானும் வருவதாகச் சொன்னான்.

நான் அன்று ஊருக்கு வந்திருந்தேன். "நீ போகாதே. விசாரணை முடியல. நீ அங்க என்ன பேசினாலும் அது எழுத்துல ஏறும்."

"நான் யார் வீட்டுக்குப் போறேன்னு நினைக்கிறே?"

"இசிகேலி வீட்டுக்கு."

"மக்கரீதா வீட்டுக்கு. என் பிள்ளைமேல தன் சுலுவைப் போத்தினப்போ, வழக்கு நம்பர் என்னன்னு அவ கேட்டாளா?"

அவன் மனைவி செனிமிலி வாசலில் மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: "அண்ணே, அவரைத் தடுக்காதீங்க. என்னால போக முடியல. அந்த வீட்டுப் படியைப் பாத்தாலே எனக்குக் கால் வராது. எனக்கும் சேத்து அவர் போகட்டும்."

செவ்வாய்க்கிழமை காலை அபோரோசாவின் தொண்டை கட்டிவிட்டது. மூன்று நாள் காய்ச்சல். குரலுக்குப் பதில் காற்றுதான் வந்தது. குலப் பேச்சாளர் பேச முடியாதபோது அடுத்த தம்பி பேச வேண்டும். வேறு ஒருவரிடம் ஒப்படைக்க நேரம் இருந்தது. ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. ஏற்கெனவே ஒருமுறை சொல்லி மறுக்கப்பட்டதை மறுபடி சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

அபோரோசா பல் வைத்திருக்கும் தகரப்பெட்டியைத் திறந்து கைக்கு அகப்பட்டதை எடுத்து, தம்பியின் மடியில் வைத்தார். துக்க வீட்டில் வந்த பற்கள் இப்படித்தான் இன்னொரு துக்க வீட்டுக்குப் போகும். எது யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை. படகில் ஏறிய பிறகுதான் அதன் கயிற்றில் நீல நைலான் முடிச்சைக் கண்டேன்.

இசிகேலியின் வீட்டில் நாங்கள் உரிய இடத்தில் அமர்ந்தோம். நெமானி முழந்தாளிட்டான். இசிகேலி எதிரே, சவப்பெட்டியின் தலைப்பக்கம், மழிக்காத முகத்தோடு இருந்தான். சிட்னியில் இருக்கும் உறவினர் பார்ப்பதற்காக அவன் தம்பி ஒருவன் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டிருந்தான்.

நெமானி சொற்களை ஒன்றுகூடப் பிசகாமல் சொன்னான். அவன் பேச்சாளன் அல்லன். ஆனால் ஆறு மாதங்களுக்கு முன் நாற்பத்து மூன்று கூட்டங்கள் அவற்றை அவனுக்கே சொல்லிக் கொடுத்திருந்தன. முடிவுக்கு வந்தபோது, முறையில் இல்லாத ஒன்றைச் சேர்த்தான்.

"இசிகேலி, உன் வீடு இப்போ எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். விடியக்காலையில முழிச்சதும் ஒரு நிமிஷம் மறந்திருக்கும். அப்புறம் ஞாபகம் வரும். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் உன்னோட அழறேன். இன்னிக்கு நாம ஒரே பாயில உக்காந்திருக்கோம்."

இசிகேலியின் தரப்புப் பேச்சாளர் பல்லை வாங்கினார். கைகள் தட்டப்பட்டன. இசிகேலி அந்த முடிச்சைப் பார்த்ததை நான் பார்த்தேன். அவன் அழுதான், அது நடிப்பு அன்று. அழுதுகொண்டே அவன் எங்கள் பக்கம் திரும்பியபோது, இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். நெமானியும் அப்படி நினைத்திருக்க வேண்டும். அவன் மூச்சை அடக்கியது எனக்குத் தெரிந்தது.

"சாப்பிட்டுட்டுப் போங்க" என்றான் இசிகேலி.

*

அக்டோபர் 9, இரண்டாவது அமர்வு. உனைசி தம் பழைய வாதத்தைத் தொடவே இல்லை. இரு குடும்பமும் இணங்கிவிட்டதற்குச் சான்று என்று சொல்லி, திரை ஒன்றை விரித்து, இசிகேலியின் வீட்டில் எடுத்த கைப்பேசிப் படத்தைப் போட்டுக் காட்டினார். மூன்று நிமிடம் நாற்பது நொடி. நான் வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். விடியற்காலை என்ற இடம் வந்தபோது என் குரல் மாறவில்லை, மாறக் கூடாது.

"ஒரே பாய் என்பதை இந்தப் பகுதியில் எல்லாரும் எல்லாத் துக்க வீட்டிலும் சொல்வார்கள் அல்லவா?" என்று அலுவலர் அபோரோசாவைக் கேட்டார்.

"எல்லாரும் சொல்றதுதான் ஐயா. அது முறை."

உனைசி எழுந்தார். "பகையாளி வீட்டில் சொல்வீர்களா?"

அபோரோசா யோசித்தார். "பகையாளி வீட்டுக்குப் போக மாட்டோம்."

அலுவலர் அதை எழுதிக்கொண்டு, பத்து நிமிடம் இடைவேளை விட்டார்.

இடைவேளையில் மொழிபெயர்ப்பாளன் சாட்சியோடு பேசக் கூடாது. முப்பத்தொரு ஆண்டுகளில் அந்த விதியை ஒருமுறையும் நான் மீறியதில்லை. அன்று, பின்புறக் குழாயடியில், எலுமிச்சை இலைத் தேநீர்க் கோப்பையோடு நின்ற நெமானியிடம் போனேன்.

"அந்தப் பல் பிப்ரவரியில இசிகேலி கொண்டுவந்த அதே பல். நீல முடிச்சு. படத்துலயும் தெரியுது."

"தெரியும். படகுலயே பாத்தேன்."

"ஒருத்தன் குடுத்த பல்லையே அவன்கிட்டத் திருப்பிக் குடுத்தா, ஏத்துக்கலைன்னு அர்த்தம். அதுவும் முறைதான். 'அவன் பல்லைத் திருப்பிக் குடுக்கத்தான் போனேன்'னு ஒரு வார்த்தை சொல்லு. அபோரோசா ஒத்துக்குவார். அந்தம்மா வாதம் அங்கேயே நின்னுடும்."

அவன் தேநீரைக் குடித்து முடித்தான். கோப்பையைக் கழுவினான். நிதானமாகக் கழுவினான்.

"அப்போ மக்கரீதா சவப்பெட்டிக்கு முன்னால நான் பொய்யா அழுதேன்னு சொல்லணும்."

"அப்படி இல்ல..."

"வேற எப்படி? பொண்டாட்டி செத்துக் கெடக்கிறவன் மூஞ்சியில பல்லைத் திருப்பி எறியப் போனேன்னு எழுதிக் குடுக்கணும். செனிமிலி சார்பாவும் சேத்து." கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். "கிளிக்குப் பேசத்தான் தெரியும்னு நினைச்சேன். திருடவும் சொல்லிக் குடுக்குதே."

"நெமானி, இதை விட்டா வேற வழியில்ல. அவன் மறுபடி ஆள் ஏத்துவான்."

"தெரியும்."

அவன் உள்ளே போனான்.

உனைசி இரண்டே கேள்விகள் கேட்டார். குரலை உயர்த்தவில்லை, கனிவாகவே கேட்டார். நல்ல வழக்குரைஞர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

"உங்களைத் துன்பப்படுத்த எனக்கு விருப்பமில்லை. அன்று நீங்கள் சொன்னவை முறைக்காகச் சொன்ன சொற்களா, மனத்திலிருந்து சொன்னவையா?"

அறையில் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். இசிகேலி மட்டும் பார்க்கவில்லை.

"மனசாரச் சொன்னேன்."

மொழிபெயர்த்தேன். அதைவிட இளைத்த ஒரு சொல் ஆங்கிலத்தில் எனக்குத் தெரியும். அதை எடுக்கவில்லை. சரியான சொல் எதுவோ அதையே சொன்னேன்.

"அவரோடு ஒரே பாயில் இருப்பதாகச் சொன்னதும்?"

"அன்னிக்கு, ஆமா." அலுவலர் பக்கம் திரும்பினான். "ஐயா, நானும் ஒண்ணு கேக்கலாமா? அவன் எனக்குத் துக்கம் கேக்க வந்தப்போ மனசார வந்தானான்னு யாராவது அவனைக் கேப்பீங்களா?"

அதையும் மொழிபெயர்த்தேன். சாட்சி கேள்வி கேட்க விதியில் இடமில்லை என்று அலுவலர் வருத்தத்துடன் தெரிவித்தார். இசிகேலி வாக்குமூலம் எழுத்தில் கொடுத்திருந்தான். வாயால் பேச வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை.

*

நவம்பர் 16, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம், தெளிந்த வானம், தென்கிழக்குக் காற்று சற்று வலுவாக இருந்தது. முடிவு சுவாவிலிருந்து கப்பல் தபாலில் வந்திருந்தது. பதினொரு பக்கம், ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் சுருக்கொப்பம், கடைசியில் முழுக் கையெழுத்து. அலுவலர் வரவில்லை. புகார்தாரருக்கு அவருடைய மொழியில் படித்துக் காட்டி ஒப்படைக்கும்படி உறைமேல் எனக்கு எழுதியிருந்தது.

நெமானி காலைப் படகில் வந்திருந்தான். யார் படகில் என்று கேட்டேன்.

"வேற யார் ஓட்டுறான்? தற்காலிகத் தடை போன வாரமே முடிஞ்சுதாமே. பத்துப் பேர் இருந்தோம். எண்ணினேன்."

"பெட்டி?"

"அது மேல ஒருத்தி கிழங்கு மூட்டை வச்சிருந்தா. பூட்டு தெரியல."

அலுவலக வராந்தாவின் மரப்பலகையில் உட்கார்ந்தோம். நான் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அவன் குறுக்கிடவில்லை. ஆறாம் பக்கத்தில் படகின் கொள்ளளவும் ஏறியவர் எண்ணிக்கையும் சரியாக இருந்தன. எட்டாம் பக்கத்தில், புகார்தாரர் தம் சுய விருப்பத்தோடும் மனப்பூர்வமாகவும் எதிர்த்தரப்பினரின் இல்லத்துக்குச் சென்று மரபுப்படி பல் வழங்கியதும், அச்சொற்கள் மனத்திலிருந்து வந்தவை என்று உறுதிமொழியின் பேரில் கூறியதும் குறிக்கப்பட்டிருந்தன. அவருடைய நேர்மை பாராட்டப்பட்டிருந்தது. இரு குடும்பங்களும் இணங்கிவிட்ட நிலையில் வழக்குத் தொடரப் பரிந்துரைப்பது பொதுநலனுக்கு உகந்ததன்று. உரிமம் திரும்ப வழங்கப்படுகிறது. மிதவைச் சட்டைப் பெட்டியைப் பூட்டாமல் வைப்பது நல்லது என்று அறிவுறுத்தப்படுகிறது.

"அவன் சொல்லணும்னு நான் எழுதச் சொன்னது?"

"அதைப் பத்தி எதுவும் இல்ல."

"அடிச்சுட்டாங்களா?"

"அடிக்கக்கூட இல்ல. எடுத்துக்கல."

அவன் கடலைப் பார்த்தான். இறங்குதுறையில் இசிகேலியின் படகு கட்டியிருந்தது, மதியத்துக்குத் திரும்பும். அதில்தான் அவன் ஊர் போக வேண்டும்.

"முடிஞ்சுதா?"

"ஒரு பத்தி பாக்கி."

அது பதினொன்றாம் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே இருந்தது. அகால மரணமடைந்த சிறுமியின் குடும்பத்தாருக்கு இவ்விசாரணை தன் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ஒரே வரி. அதை எங்கள் பேச்சில் சொல்ல வாயெடுத்தேன், நின்றுவிட்டேன். எங்களிடம் அந்தச் சொற்களைச் சொல்ல ஒருவர் வர வேண்டும், குனிந்து நுழைய வேண்டும், உட்கார வேண்டும், கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

"என்ன மச்சான், கிளிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

"துக்கம் கேட்டிருக்காங்க."

"யாரு?"

"விசாரணை."

"அது எங்க இருக்கு?"

"சுவாவில."

"அப்போ இதை யார் எடுத்துட்டு வந்தது?"

"நான்தான்."

அவன் சிறிது நேரம் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பிறகு பெறுகைச் சீட்டில் நான் காட்டிய இடத்தில் பெயரெழுதினான். தேதியையும் நேரத்தையும் நான் நிரப்பினேன்.

தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, பழக்கத்தால் இரு கைகளிலும் ஏந்தி நீட்டினேன். நெமானி ஒரு கையால் வாங்கிக்கொண்டான்.